கதவு திறக்கும் சொல்

“மொத்தமா முழுங்காதடா. ஓட்டோ, ரைனோ, லாரிங், காலஜி. நாலா உடைச்சுக்கோ,” என்றான் நண்பன்.

“ஓட்டோ ரைனோ லாரி...”

“லாரி இல்ல, லாரிங். மூக்கால சொல்லு.”

மாடிப்படியில் உட்கார்ந்தபடி கணவன் மறுபடி ஆரம்பித்தான். அவன் மனைவி காது மூக்கு தொண்டை மருத்துவமனையில் வரவேற்பாளர். தினமும் அவன் வீடு திரும்பும்போது அந்தத் துறையின் ஆங்கிலப் பெயரைச் சொல்லச் சொல்வாள். கேட்ட பிறகுதான் கதவைத் திறப்பாள். இன்று நாக்கு குழறி, குடித்தது தெரிந்தால் மாமனாருக்குப் போன் போகும்.

ஒருவழியாக நாக்கு வழிக்கு வந்தது. எழுந்து போய் அழைப்பு மணியை அழுத்தினான்.

“சொல்லுங்க,” என்றாள் உள்ளிருந்து.

“ஓட்டோரைனோலாரிங்காலஜி.”

தாழ்ப்பாள் அசையவில்லை.

“சரியாத்தானே சொன்னேன்?”

“அதான் இடிக்குது. குடிக்காத நாள்ல எல்லாம் பாதியில சிக்கிக்கிட்டு, ‘அட போடி, கதவைத் திற’ன்னு சிரிப்பீங்க. நானும் திறந்துடுவேன்.”

நண்பன் சத்தமில்லாமல் படியிறங்கிக்கொண்டிருந்தான்.

“இன்னைக்கு இவ்வளவு சுத்தமா வருதே. எந்தப் பார்ல உட்கார்ந்து மனப்பாடம் பண்ணீங்க?”