பெருமாள்புரத்துப் பக்கம்

கிரைண்டர் மெக்கானிக் இசக்கியப்பனின் கடைக்கு இணையத்தில் ஏரியாவுக்கு ஒரு பக்கம் இருந்தது. ஒவ்வொன்றும் அவன் குரலிலேயே, அந்தந்த ஏரியாவுக்குத் தக்கபடி பேசும்; கேட்டதற்குப் பதிலும் சொல்லும்.

பெருமாள்புரத்துப் பக்கம் பேசக் கேட்டாலே அவன் மனைவி கோமதிக்கு வயிறு எரியும். "சொகமா இருக்கீயளா மதினி? உங்க தெருவுல குழி தோண்டிப் போட்டிருக்கான், பாத்துப் போங்க. உளுந்து பொங்கலன்னா மாவு மேல பழியப் போடாதீய. கல்லு தேஞ்சிருக்கும், நானே வந்து கொத்தித் தாரேன்."

ஊரில் உள்ளவளெல்லாம் மதினி. கட்டியவள் மட்டும் "ஏட்டி". வீட்டுக் கிரைண்டர் ஆடி ஆடி மாவைச் சுவரில் அடிக்கிறது என்றால், "பாப்போம்" என்பதோடு சரி.

அந்தக் குழைவு தனக்கும் ஒருதரம் கிடைக்கட்டுமே என்று, மத்தியானம் அவளே போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து கேட்டாள். "எங்க கிரைண்டர் ஆடுது. வீடு கொக்கிரகுளம். எப்ப வருவீய?"

புருஷனின் குரல் பணிவாகச் சொன்னது: "மன்னிக்கணும் மதினி. கொக்கிரகுளத்துக்கு நம்ம சர்வீஸ் கிடையாது."

தெரிந்தவர்கள் ஓசியில் வேலை வாங்குவார்கள் என்று சொந்த ஏரியாவையே அவன் விட்டுவிட்டது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

சற்று நேரத்தில் இசக்கியப்பன் வந்து, கை கழுவி உட்கார்ந்தான். "ஏட்டி, சோத்தப் போடு."

கோமதி எழுந்திருக்கவில்லை.

"மன்னிக்கணும் அண்ணாச்சி," என்றாள். "கொக்கிரகுளத்துக்கு நம்ம சர்வீஸ் கிடையாது."