கடைசி வரிசையில் ஒருத்தி

"மைமூன் மேடம் அவங்க மகளையும் கூட்டிட்டு வாரேன்னு சொல்லியிருந்தாங்க. எங்கன இருக்கீங்கம்மா? கொஞ்சம் எந்திரிங்க, எல்லாரும் பாக்கட்டும்!"

விழாவை நடத்திய சுதாராணி மைக்கில் கேட்டாள். மண்டபத்திலிருந்த முந்நூறு பெண்களும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

கோவில்பட்டியில் மகளிர் தின விழா. நான் அப்போதுதான் பேசி முடித்திருந்தேன். தோளில் போட்ட பொன்னாடையைக்கூட இன்னும் எடுக்கவில்லை.

பத்தொன்பது வயதில் நடந்ததைத்தான் பேசினேன். எந்த மேடையிலும் அதைத்தான் கேட்பார்கள்.

ஆசிரியர் பயிற்சிக்கு எட்டயபுரத்திலிருந்து பர்தாவோடு பஸ் ஏறி, கோவில்பட்டியில் இறங்கியதும் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டது. வாப்பாவுக்குத் தெரிந்து பதினோரு நாள் அறையில் பூட்டி வைத்தது. பன்னிரண்டாம் நாள் தலையில் ஒன்றுமில்லாமல் தெரு முழுக்க நடந்து போய்ப் பஸ் பிடித்தது. இன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியையாக இருப்பது.

"என் மகளுக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. அவ தலையில எது இருக்கணும், இருக்கக் கூடாதுன்னு சொல்ல இனி ஒருத்தராலயும் முடியாது" என்று முடித்தேன். அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

அதைச் சொல்லும்போது கடைசி வரிசையை நான் பார்க்கவில்லை.

நிஸ்மியா அங்கேதான் இருந்தாள். பாதிப் பேச்சில் வந்து, புதியம்புத்தூர் தையல்காரப் பெண்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பழுப்பு நிற ஹிஜாப். நெற்றியிலிருந்து கழுத்துவரை ஒரு முடி தெரியாமல் ஊசி குத்தியிருந்தாள்.

என் மகள்.

எட்டு மாதமாக இப்படித்தான். காலேஜ் ஹாஸ்டலிலிருந்து ஒரு விடுமுறைக்கு அப்படியே வந்து இறங்கினாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். தோழிகளா, யூடியூபா, எவனாவதா என்று கேட்டேன். என் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தியிடம் இப்படி யாராவது கேட்டிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன்.

"யாரும் சொல்லல உம்மா. எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள்.

நான் நம்பவில்லை. அதன் பிறகும் ஒவ்வொரு விடுமுறைக்கும் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அதே பதிலைத்தான் சொன்னாள், குரலை உயர்த்தாமல்.

அன்று காலையில் புறப்படும்போது சொல்லிவிட்டேன்.

"வாரதுன்னா இதக் கழட்டிட்டு வா. அத்தன பேருக்கு முன்னால என்னைய அசிங்கப்படுத்தாத."

கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். காதுப் பக்கம் ஓர் ஊசியை எடுத்தாள். பிறகு அதே இடத்தில் குத்திக்கொண்டாள். "நீங்க போயிட்டு வாங்க உம்மா" என்றாள்.

ஆனாலும் பின்னாலேயே பஸ் பிடித்து வந்துவிட்டாள். நான் மேடையில் பேசி அவள் கேட்டதே இல்லை.

சுதாராணி கேட்டதும் நிஸ்மியா முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தாள். முகத்தில் கூச்சமான ஒரு சிரிப்பு. அம்மாவைப் பற்றிப் பெருமைப்படும் பிள்ளையின் சிரிப்பு. எழுந்தபடியே என்னைப் பார்த்தாள்.

நான் எட்டி மைக்கை வாங்கினேன்.

"இல்ல, அவ வரல. காலேஜ்ல பரீட்சை."

என் குரல் ஸ்பீக்கரில் எனக்கே திரும்பக் கேட்டது.

எழுந்தவள், சுடிதாரைச் சரிசெய்வதற்காக எழுந்ததுபோல் பின்பக்கத்தை இழுத்துவிட்டு உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த பெண் என்னவோ கேட்டதற்குத் தலையை ஆட்டினாள். அடுத்ததாகப் பரிசு வாங்க யாரையோ கூப்பிட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

விழா முடிந்ததும் பெண்கள் மேடையைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்து, தன் மகளைத் தீப்பெட்டி ஆபீஸுக்கு அனுப்பாமல் படிக்க வைக்கப்போவதாகச் சொல்லி அழுதாள். அவள் தோளுக்கு மேலே பழுப்பு நிறம் தெரிந்தது. நடைபாதை வழியாக நிஸ்மியா வந்துகொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் நான் வேண்டிக்கொண்டதை யாரிடமும் சொன்னதில்லை.

அல்லாவே, இவள் என்னை உம்மா என்று கூப்பிட்டுவிடக் கூடாது.

சுதாராணி போட்டோ எடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தாள். நிஸ்மியாவைப் பார்த்ததும் போனை நீட்டினாள். "பாப்பா, எங்கள ஒரு போட்டோ எடுத்துத் தாயேன். நீ எந்த ஊரு?"

"பசுவந்தனை, அக்கா."

எங்கள் வீடு எட்டயபுரத்தில் இருக்கிறது. ஒரு நொடி யோசிக்காமல் சொன்னாள்.

போனை வாங்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். சுதாராணி என் தோளில் கை போட்டாள். மற்றவர்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அப்போதும் நேரம் இருந்தது. ஒரு வார்த்தை போதும். சுதா, இவ என் மக, வீட்டுக்குப் போகையில் சேர்ந்து போவோம் என்று சொன்னால் போதும். நான் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டேன்.

நிஸ்மியா போனை முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"மேடம், கொஞ்சம் சிரிங்க" என்றாள்.

சிரித்தேன்.

போனை இறக்கிப் பார்த்தாள். படம் ஆடிவிட்டது என்று சொல்லி, இன்னொரு தடவை சிரிக்கச் சொன்னாள்.

சிரித்தேன்.