துண்டால் மறைத்த நம்பர்

"உண்மையைச் சொல்லிடு அறிவு. நம்பர் எப்படிடா உனக்குத் தெரிஞ்சுது?"

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்ததும் சிங்காரவேலு கேட்ட முதல் கேள்வி இது. கேட்டது யாரிடம்? அவர் உயிரைக் காப்பாற்றிய டிரைவரிடம்.

அறிவுச்செல்வன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அந்த நம்பர் சங்கதி இதுதான். சிங்காரவேலுவின் மகன் ராஜ்குமாருக்குத் தென்னாப்பிரிக்காவில் வேலை. அங்கே ஓடுகிற காரின் கதவைத் திறந்து, ஆளை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு வண்டியைக் கடத்திக்கொண்டு போய்விடுவார்களாம். லீவில் வந்தவன் அப்பாவின் காரிலும் அதைத் தடுக்கிற அலாரத்தை மாட்டிவிட்டுப் போனான்.

இன்ஜின் ஓடும்போது எந்தக் கதவைத் திறந்தாலும் 'கீ கீ' என்று கத்தும். உடனே நாலு இலக்க ரகசிய நம்பரை அமுக்க வேண்டும். இல்லாவிட்டால் கொஞ்ச தூரத்தில் இன்ஜின் நின்றுபோகும். சைரன் ஊரைக் கூட்டிவிடும்.

அவர்கள் ஊரான அம்மாப்பேட்டைப் பக்கம் காரை மறிப்பது ரோட்டில் காயப்போட்ட நெல்தான். கடத்தல்காரன் எங்கே வரப்போகிறான்? ஆனாலும் சிங்காரவேலுவுக்குப் பெருமை தாங்கவில்லை.

டிரைவருக்கு மட்டும் நம்பரைச் சொல்லவில்லை. முன் சீட்டில் உட்கார்ந்து, தோளில் கிடக்கும் துண்டை எடுத்து அந்த நம்பர் பட்டன்மேல் போர்த்தி, உள்ளே கையை விட்டு அமுக்குவார்.

"அந்தப் பக்கம் பாருடா" என்பார்.

அறிவும் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டிருப்பான். இத்தனை வருஷம் வண்டி ஓட்டினவனுக்கு நல்ல மரியாதை!

போன வாரம் கும்பகோணத்தில் கல்யாணத்துக்குப் போய்விட்டு இரண்டு பேரும் திரும்பும்போது சிங்காரவேலுவுக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. வாந்தியெடுக்கக் கதவைத் திறந்தார். அலாரம் கத்த ஆரம்பித்தது. அவருக்குக் கையும் எழவில்லை, பேச்சும் வரவில்லை. அறிவுதான் நம்பரை அமுக்கினான். தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வாசலில்தான் வண்டியை நிறுத்தினான்.

"நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டேதான் பாத்தேன் மாப்ள" என்றார் சிங்காரவேலு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மைத்துனன் குணசேகரனிடம். "டக்கு டக்குன்னு நாலையும் அமுக்குறான். தடுமாறவே இல்ல."

"இன்னைக்கு நம்பரு, நாளைக்கு பீரோ சாவி" என்றான் குணசேகரன். "இவனுங்களையெல்லாம் நடுவீடு வரைக்கும் விட்டது உங்க தப்பு அத்தான்."

"நம்பர் தெரிஞ்சது எனக்கும் உன் அக்காளுக்கும்தான். நான் துண்டு போட்டு மூடாம அமுக்குனதே இல்ல."

சிங்காரவேலுவின் மனைவி வள்ளியம்மை மாத்திரையும் வெந்நீருமாக உள்ளே வந்தாள்.

"நான் மட்டும் என்னவாம்? கோயிலுக்குப் போறப்ப முந்தானையைப் போட்டு மூடிக்கிட்டுத்தானே அமுக்குவேன்" என்றாள். "எங்கேயாவது எட்டிப் பாத்திருப்பான். வீட்டுப் புள்ளை மாதிரி நெனச்சோமே, இப்படிப் பண்ணிட்டானே!"

அறிவு தலையை நிமிர்த்தி அவளை ஒரு முறை பார்த்தான். மறுபடி குனிந்துகொண்டான்.

"ஐயா, வேலைய விட்டு வேணும்னா நிறுத்திடுங்க. திருட்டுப் பட்டம் மட்டும் கட்டிடாதீங்க. இந்த வட்டாரத்துல எவனும் எனக்கு வண்டி சாவியக் குடுக்க மாட்டான். டிரைவர் வேலைய விட்டா எனக்கு வேற தொழில் தெரியாதுங்க."

"அப்ப சொல்லு. எப்படித் தெரிஞ்சுது?"

அறிவுக்குக் கண் கலங்கியது.

"அதைச் சொல்றதுக்கில்லைங்க ஐயா."

"பாத்தீங்களா அத்தான், எவ்வளவு கொழுப்பு!" குணசேகரன் எழுந்தேவிட்டான். "திருட்டுத்தனமா பாத்தவன் எப்படிச் சொல்லுவான்? டிரைவர் சங்கத்துலயும் சொல்லி வெக்கிறேன். இனிமே இவன் எவன் வண்டியிலயும் ஏறக் கூடாது."

"வண்டியில கை வெச்சிட்டு ஓடிடுவான்னுதான், படுக்கறதுக்கு முன்னாடியே நம்பரை மாத்திட்டேன்" என்றார் சிங்காரவேலு. "புது நம்பரு எனக்கும் வள்ளிக்கும்தான் தெரியும். நாளையிலேர்ந்து நீ வர வேணாம் அறிவு. சாவிய வெச்சிட்டுப் போ."

உயிரைக் காப்பாற்றியவன் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அந்த வீட்டில் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

அறிவு சாவியை மேஜைமேல் வைத்தான். கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்து செருப்பை மாட்டினான். கேட்டைத் தாண்டும்போது பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

வள்ளியம்மை ஒரு பையோடு வேகமாக வந்தாள். பை நிறைய அரிசி. வீட்டுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே அதை நீட்டினாள். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை.

"வேணாம்மா. உள்ள கொண்டுபோங்க."

"அறிவு..."

"பயப்படாதீங்கம்மா. முன்ன ஒரு தடவை ஐயாவுக்கு நெஞ்சு சரியில்லைன்னு டாக்டர் சொன்ன அன்னைக்கு நீங்கதான் என்கிட்ட நம்பரைச் சொன்னீங்கன்னு, செத்தாலும் என் வாயிலேர்ந்து வராது. உங்களுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

அவள் பையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அறிவு கேட்டைச் சாத்திவிட்டு, கம்பி வழியாகச் சொன்னான்:

"அடுத்து வர்ற டிரைவர்கிட்டயும் மறக்காம புது நம்பரைச் சொல்லி வெச்சிடுங்கம்மா. ஐயாவுக்கு உடம்பு இன்னும் தேறலை."