பாதி முட்டை

"இதை எழுதினது யாருன்னு தெரியுதா?"

தலைமை நர்ஸ் நீட்டிய தாளை வாங்கிக்கொண்டு ஆயாம்மா கண்ணாடியைத் தேடினார். அது தலையிலேயே இருந்தது.

மனநல ஆஸ்பத்திரியில் இளையோர் வார்டு அது. பன்னிரண்டு கட்டில், எல்லாம் இருபது வயசுக்குள். தலைமை நர்ஸ் வந்து இரண்டு நாள்தான் ஆகிறது. எந்த வார்டுக்குப் போனாலும் முதலில் புகார்ப் பெட்டியைத் திறப்பார், ஃபைலெல்லாம் அப்புறம்தான். "ஃபைல்ல டாக்டர் பேசுவாரு. பெட்டியிலதான் பிள்ளைங்க பேசும்" என்பார். நல்ல கொள்கைதான், யார் இல்லையென்றது.

இன்றைக்குப் பெட்டியில் இருந்தது இரண்டு மிட்டாய்க் காகிதம், ஒரு பேனா மூடி, இந்தத் தாள்.

"சத்தமாப் படிங்க."

ஆயாம்மா படித்தார்.

"'ஆயாம்மா மேல் புகார். இன்று மதியம் என் முட்டையில் பாதியைத் தின்றுவிட்டார். மஞ்சள் கரு முழுக்க அந்தப் பாதியில்தான் இருந்தது. நேற்று ஆப்பிளில் பெரிய கடி. தினமும் இப்படித்தான். எனக்குப் பசிக்கிறது. உடனே நடவடிக்கை எடுக்கவும். இப்படிக்கு, ஏழாம் கட்டில்.'"

படித்து முடித்ததும் ஆயாம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

"சிரிப்பு வேற வருதா?"

"இல்ல மேடம், வந்து..."

"கதையெல்லாம் வேண்டாம். கேட்டதுக்கு ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொன்னாப் போதும். முட்டையைத் தின்னீங்களா?"

"ஆமா."

"ஆப்பிளை?"

"ஆமா."

"எத்தனை நாளா நடக்குது இது?"

இதற்கு ஆமாவும் சரிப்படாது, இல்லையும் சரிப்படாது. ஆயாம்மா மூன்று விரலைக் காட்டினார்.

"மூணு நாளாவா?"

"இல்ல."

"மூணு வாரமாவா?"

"ஆமா."

தலைமை நர்ஸ் விடவில்லை. "பாலு? பாலையாவது விட்டு வெச்சீங்களா?"

"இல்ல."

தலைமை நர்ஸ் சமையல்கட்டுக்குப் போன் போட்டார்.

"ஏழாம் கட்டிலுக்கு எவ்வளவு சாப்பாடு அனுப்புறீங்க?"

"ஒண்ணரைத் தட்டு மேடம்" என்றார் சமையல்காரர் உற்சாகமாக. "ஆயாம்மா பங்கையும் சேர்த்துத்தான். அது என்னன்னா மேடம்..."

"கூட்டுக் களவாணிங்களா நீங்க?" என்று போனை வைத்தார்.

மேசைமேல் ஆயாம்மாவின் ஒப்பந்தத் தாள் இருந்தது. பதினோரு வருஷமாக வருஷா வருஷம் நீட்டிக்கிற வேலை. தலைமை நர்ஸ் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த மாசம் சம்பளம். காலையில் அதைக் கொண்டுவந்து வைத்தபோது, "சாயங்காலம் போட்டுத் தர்றேன்" என்று அவரும் சொல்லியிருந்தார். இப்போது பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"மனசு சரியில்லாத பிள்ளை ஏதோ கிறுக்கியிருக்குன்னு கிழிச்சுப் போட்டுடுவேன்னு நினைச்சீங்களா? இங்க வந்து படுத்தா நாக்கு செத்துப் போயிடுமா? அதுங்களுக்கும் பசி இருக்கு, ருசி இருக்கு."

"அதைத்தான் மேடம் நானும்..."

"ஆமா, இல்ல."

"ஆமா."

"அடுத்த மாசத்துலேருந்து வேற இடம் பார்த்துக்குங்க. போறதுக்கு முன்னாடி ஏதாவது வேணுமா?"

"இதுல ஒரு ஜெராக்ஸ் கிடைக்குமா மேடம்?"

"எதுல?"

"இந்தப் புகார்லதான். பெரிய டாக்டருக்குக் காட்டணும். அவரும் கேட்டுக்கிட்டே இருக்காரு."

தன்மேல் வந்த புகாருக்கே ஜெராக்ஸ் கேட்கிற ஆளைத் தலைமை நர்ஸ் தன் சர்வீஸில் பார்த்ததில்லை.

"சரி, வாயைத் திறந்து சொல்லித் தொலைங்க."

ஆயாம்மா மூச்சு விடாமல் கொட்டினார்.

"சாப்பாட்டுல விஷம் வெச்சிருக்காங்கன்னு பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படாம வந்து சேர்ந்த பொண்ணு மேடம் அது. எலும்பும் தோலுமா கிடந்துச்சு. மூக்குல குழாய் போட்டுத்தான் ஆகணும்னுட்டாங்க. அப்பத்தான் என்னைப் பார்த்து, 'நீ முதல்ல தின்னு, நீ சாகலைன்னா நான் தின்னுறேன்'னுச்சு. டாக்டரும் சரின்னு எழுதிக் குடுத்துட்டாரு. அன்னிலேருந்து மூணு வேளையும் அது தட்டுல முதல் வாய் எனக்குத்தான். தின்னுட்டுப் பத்து நிமிஷம் அது கண்ணு முன்னால உயிரோட உட்கார்ந்திருக்கணும். விஷத்தை மஞ்சக் கருவுக்குள்ளதான் ஒளிப்பாங்களாம். எனக்கு மஞ்சக் கருன்னாலே குமட்டும் மேடம்."

தலைமை நர்ஸ் எழுந்துபோய் ஏழாம் கட்டிலின் ஃபைலை எடுத்துப் பிரித்தார். மூன்று வாரத்துக்கு முன்னால் டாக்டர் எழுதியது அப்படியே இருந்தது. நேற்றே பார்த்திருக்க வேண்டியது.

"'பயம் போயி உங்கமேல அதுக்கு என்னிக்குக் கோபம் வருதோ, அன்னிக்கு ஓடி வந்து சொல்லுங்க, மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்'னாரு டாக்டர்." ஆயாம்மா தாளில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். 'எனக்குப் பசிக்கிறது.' கண் கலங்கிவிட்டது, சிரிப்பும் போகவில்லை. "மூணு வாரமா இந்தப் புகாருக்குத்தான் மேடம் காத்துக்கிட்டிருந்தேன்."

தலைமை நர்ஸ் பேனாவைத் திறந்தார். ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போட்டு அவர் பக்கம் தள்ளினார். அப்புறம் புகார்ப் பதிவேட்டை இழுத்து, 'எடுத்த நடவடிக்கை' என்ற இடத்தில் எழுதினார்:

'விசாரித்ததில் புகார் முற்றிலும் உண்மை. நாளை முதல் முட்டை முழுவதும் ஏழாம் கட்டிலுக்கே.'