கொடி போன கழுத்து

"இனி அந்தச் சென்னைக்கே போக வேண்டாஞ் சாமி! கழுத்துல கெடந்த தாலிக்கொடியவே அறுத்துட்டுப் போறானுங்கன்னா அதென்ன ஊரு?"

சென்னியம்மாள் மகள் மதுமதியின் கழுத்தைத் தடவிப் பார்த்து மறுபடியும் அழ ஆரம்பித்தாள். கழுத்தைச் சுற்றிச் சிவந்த கோடு இன்னும் ஆறவில்லை.

புதுச்சத்திரத்தில் அவர்களுடைய குலசாமி கோயிலில் எல்லோரும் கூடியிருந்தார்கள். தாலிக்கொடி பறிபோனால் குலசாமி முன்னால் புருஷன் கையால் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். அதற்காகவே மோகன்குமார் மனைவியைச் சென்னையிலிருந்து காரில் கூட்டி வந்திருந்தான்.

"சும்மா பயப்படுத்தாதம்மா" என்றான் மதுமதியின் அண்ணன் குணசீலன். அவனும் சென்னையில்தான் போலீஸ்காரனாக இருக்கிறான். "எங்க ஸ்டேஷனுக்கு வழிப்பறி கேசு ஒண்ணு வந்தா, அடிதடி, ஏமாத்து வேலை, ஊட்டுச் சண்டைன்னு பத்து வருது. இருக்கறதுலயே வழிப்பறிதான் கம்மி."

போலீஸ்காரன் கணக்குச் சொன்னால் பெற்ற வயிறு கேட்குமா?

"அந்த ஒண்ணு நம்ம ஊட்டுல நடந்துட்டா, நமக்கு அதுதானுங்க மச்சான் பெருசு" என்றான் மோகன்குமார். அவன் குரல் தழுதழுத்தது. இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைப்பார் என்று மாமியார் உருகிப்போனாள்.

"எங்க வெச்சு நடந்துச்சு மது?"

"பால் வாங்கப் போனப்பங்க மச்சான். பைக்குல வந்திருக்கறானுங்க" என்று மோகன்குமாரே பதில் சொன்னான்.

"கம்ப்ளெயின்ட் எழுதிக் குடு மது. தெருவுல இருக்கற கேமராவெல்லாம் பாத்துடலாம். மூஞ்சி தெரியாமயா போயிரும்?"

மதுமதியின் முகம் வெளுத்தது. "வேண்டாண்ணா!"

"ஏன்? என்ன பயம்?"

"அவனுக்கு... எங்க ஊடு தெரியும்ணா."

சென்னியம்மாள் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். வீடு வரைக்கும் பின்னாலேயே வந்து பார்த்திருக்கிறானா படுபாவி!

"கடைக்குக்கூட ஒண்டியாப் போகாத கண்ணு. மாப்பிள்ளை, இவள உட்டு ஒரு நிமிஷம் நகராதீங்க!"

"நகர மாட்டனுங்க அத்தை. கூடவே இருக்கறேன்."

பூசாரி மஞ்சள் கயிற்றை எடுத்துக் கொடுத்தார். மோகன்குமாரின் கைகள் கழுத்தருகே வந்ததும் மதுமதி வெடவெடவென்று நடுங்கினாள். கண்களை இறுக மூடிக்கொண்டாள். பட்ட பயம் இன்னும் தெளியவில்லை, பாவம் என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள்.

"நல்லா இறுக்கிக் கட்டுங்க மாப்பிள்ளை" என்றாள் சென்னியம்மாள். "இனி எவனும் அறுக்கக் கூடாது."

பூசாரி கோயில் மணியை அடிக்கத் தொடங்கினார். அந்தச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காதபடி மனைவியின் காதருகே குனிந்தான் மோகன்குமார்.

"அன்னிக்கு நான் கொடிய அறுத்தப்பக் கத்துன பாரு, அந்த மாதிரி இப்பக் கத்தீராத."