சத்தம் போடாத தோட்டாக்கள்

மேலவீட்டுப் பெரியவர் தோட்டாவைக் காதருகே வைத்து ஆட்டினார்.

சத்தமில்லை.

மற்றதை எடுத்து ஆட்டினார். அதிலும் இல்லை.

வெடிமருந்து அளவாக இருந்தால் உள்ளே மணல் சரிவதுபோல் மெல்ல ஓடும். நாற்பது வருடமாக அவர் காது அறிந்த ஓசை அது. காலியாக இருந்தால் ஓடாது. கழுத்துவரை அடைத்திருந்தாலும் ஓடாது.

இரண்டும் ஊமையாக இருந்தன.

எதிரே கண்மாய்க்கரையில் வாழைமரம் நட்டாயிற்று. அம்மனின் குதிரை வாகனம் வந்து நின்றுவிட்டது. விஜயதசமிக்கு மற்ற ஊர்களில் அம்பு போடுவார்கள். இந்த ஊரில் மேலவீட்டுத் துப்பாக்கி. அவருடைய பாட்டனார் பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த ரைபிள். ஒரே குண்டில் வாழை சாய வேண்டும். சாயாவிட்டால் உரிமை கீழவீட்டுக்குப் போய்விடும்.

சாயாத வருடம் இதுவரை வந்ததில்லை.

அவருக்கு வலது கண்ணில் புரை. அதனால் இந்த வருடம் மகள் செண்பகவல்லி சுடுகிறாள். பெண் சுடுவதா என்று ஊர்க்கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது. அவர் எழுந்து நின்றார்.

"எம் மக கை நடுங்காது."

கூட்டம் அதை ஏற்றுக்கொண்டது.

ரைபிளைத் துடைத்துக்கொண்டே செண்பகவல்லி அருகில் வந்தாள்.

"ஏம்ப்பா, ரெண்டையும் மாத்தி மாத்திப் பாக்குறீங்க?"

"பொட்டு அழிஞ்சிருக்கான்னு பாத்தேன்."

"அழியாது. நேத்து பூசையில நாந்தான வச்சேன். பொட்டு அம்மனப் பாத்து இருக்கணும்னு கட்டையக்கூடத் திருப்பி வச்சேன்."

திருப்பி.

மிஞ்சியிருந்தவை தோட்டாவுக்கான இரண்டே பித்தளைக் கூடுகள். மற்றவை வாய் வெடித்துப் போய்விட்டன. நேற்று இரண்டையும் குழி வெட்டிய மரக்கட்டையில் நிறுத்தி, இடப்பக்கத்துக் கூட்டில் மட்டும் மருந்து போட்டார். அதற்குள் ஆயுத பூஜைக்கு நேரமாகிவிட்டது. இரண்டு வாயிலும் பஞ்சை அடைத்து, கட்டையோடு அம்மன் முன் வைத்தார். பூசையில் வைத்த ஆயுதத்தை அன்று தொடுவது அவர்கள் வீட்டில் வழக்கமில்லை.

இன்று காலை மேளம் தெருமுனைக்கு வந்துவிட்டது. அவசரமாக, வலப்பக்கத்துக் கூட்டில் மருந்து போட்டார்.

வலப்பக்கம். அதுதான் நேற்றைய இடப்பக்கமா?

உள்ளே பார்த்தாரா? பார்த்தார். எந்தக் கண்ணால்?

குண்டைப் பொருத்தும்போது ஒன்று முரண்டு பிடித்தது. கை வலுவிழந்துவிட்டது என்று நினைத்து இன்னும் அழுத்தினார்.

அது எது?

இரண்டையும் இரண்டு கையில் ஏந்திப் பார்த்தார். இடது கனம். ஆனால் ஒரு கூடு இயல்பிலேயே தடித்தது, வேறு தொழிற்சாலையில் வார்த்தது. அதுதான் இடது கையில் இருக்கிறதா? கை மாற்றினார். இப்போதும் இடதுதான் கனம்.

காலியானதைப் போட்டால் 'டிக்'கென்று ஒரு சத்தம். குண்டு குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். ஊர் சிரிக்கும்.

இரட்டிப்பாக அடைத்ததைப் போட்டால் ரைபிளின் பூட்டு பிய்த்துக்கொண்டு பின்னால் வரும்.

பூட்டுக்குப் பின்னால் அவள் கன்னம் இருக்கும்.

பிரித்துப் பார்க்கும் கருவி வீட்டில் இருக்கிறது. நல்ல நேரம் முடிய ஐந்து நிமிடம்கூட இல்லை.

"என்ன பெரியப்பா, தோட்டா காதுல ரகசியம் பேசுதா? எங்களுக்கும் கொஞ்சம் சொல்றது."

கீழவீட்டுத் துரைப்பாண்டி. தோளில் அவனுடைய துப்பாக்கி. அவனைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

செண்பகவல்லி கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. கொடுக்காமலும் இருக்க முடியவில்லை. அவளே ஒன்றை எடுத்தாள்.

அவர் முகத்தைப் பார்த்தாள்.

பிறகு தோட்டாவைத் தன் காதருகே வைத்து ஆட்டினாள். அடுத்ததையும் ஆட்டினாள்.

அவளும் அந்த வீட்டில் வளர்ந்தவள்தான்.

இரண்டையும் அவர் உள்ளங்கையிலேயே வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"என்னால முடியாது. கை நடுங்குது."

அவள் பிடித்திருந்த ரைபிளின் முனை ஒரு நூல்கூட அசையவில்லை.

"அன்னைக்கே சொன்னோம்ல," என்று துரைப்பாண்டி முன்னால் வந்தான். மேளம் நின்றுவிட்டது. பூசாரி அவரைப் பார்த்தார்.

ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பேசாமல் நின்றால் போதும். ஒரு பெண்ணின் கை நடுங்கியது, அவ்வளவுதான். மேலவீட்டில் மருந்து அளப்பது பிசகிவிட்டது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. அடுத்த வாரம் அவள் புருசன் வீட்டுக்குப் போய்விடுவாள். ஊர் மறந்துவிடும்.

ஊர் மறக்காது.

அவர் முதுகை நிமிர்த்தினார். தொண்டையைச் செருமினார்.

"அவ கை நடுங்கல."

கூட்டம் திரும்பிப் பார்த்தது.

மூடிய விரல்களைத் திறந்து, உள்ளங்கையை எல்லோருக்கும் தெரியும்படி நீட்டினார்.

தோட்டாக்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன.