பூவுக்குக் காவல்

"செத்துப்போச்சுக்கா. நேத்துலேருந்து வாயால கக்கிக்கிட்டே கிடந்துச்சு. நான்தான் கொன்னுட்டேன்."

கதவைத் திறந்ததும் கனிமொழி இப்படிச் சொன்னால், எதிர்ஃப்ளாட் ஸ்டெஃபிக்குக் கை ஓடுமா, கால் ஓடுமா? சப்பாத்தி மாவு ஒட்டிய கையோடு கனிமொழியின் வீட்டுக்குள் பாய்ந்தாள். ஹாலில் ஒரு அசம்பாவிதமும் தெரியவில்லை. சுவரோரம் பெரிய மீன்தொட்டிதான் வழக்கம்போல் விளக்கெரிய நின்றது.

"இன்னா கனி, எனக்கே உசுரு பூடுச்சு. யாரு செத்தது?"

கனிமொழி தொட்டிக்குள் கையைக் காட்டினாள். உப்புத் தண்ணீரில், பாறைமேல், அழுக்கு சாக்ஸைச் சுருட்டிப் போட்டதுபோல ஒன்று கிடந்தது. அதன் வாயிலிருந்து பழுப்பாய் நூல் நூலாக எதுவோ தொங்கியது. பக்கத்தில் ஆரஞ்சு மீன் ஒன்று போக்கிடம் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

அது அனிமோன். கடல் சாமந்தி என்பார்கள். பார்க்கத்தான் பூ, உண்மையில் பிராணி. கல்யாணமான புதிதில் கிஷோர் ஆசை ஆசையாய் வாங்கி வைத்தது. தேனியிலிருந்து வந்து பருத்திப்பட்டு ஃப்ளாட்டில் அடைந்து கிடந்த கனிமொழிக்கு, அவனை விட்டால் அந்தப் பூதான் துணை.

கம்பெனி வேலையாய்ப் புனேவுக்குக் கிளம்பியபோது கிஷோர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். "உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன் கனி."

பார்த்துப் பார்த்து இறால் ஊட்டிய பூ இப்படிக் கைவிட்டுவிட்டதே என்று ஒரு பக்கம் ஆத்திரம். நம்பிய மனிதனுக்குத் துரோகம் செய்துவிட்டோமே என்று மறுபக்கம் வேதனை. இனி அவன் தன்னை எதற்காவது நம்புவானா என்பதுதான் அவளை அதிகம் உறுத்தியது.

ஸ்டெஃபி சோபாவில் சாவகாசமாகச் சாய்ந்தாள். "இதுக்கா இந்த அழுவ அழுதுகினு கீற? கொளத்தூர் மீன்தொட்டிக் கடைங்களுக்குப் போனா இதே கலர்ல வேற ஒண்ணு கெடைக்கும். வாங்கியாந்து போட்டுட்டு கம்முனு இரு. உங்க ஊட்டுக்காரு இன்னா கண்டாரு?"

"அவரை ஏமாத்தச் சொல்றீங்களாக்கா? என்னால முடியாது. அதுவும் இல்லாம, அவருதான் பாத்துக்கிட்டே இருக்காரே."

தொட்டிக்கு நேர் மேலே சுவரில் உருண்டையாய் ஒரு கறுப்புக் கேமரா. எங்கே இருந்தாலும் பூவைப் பார்க்க வேண்டும் என்று, ஊருக்குப் போகும் முன் கிஷோரே ஸ்டூல் போட்டு ஏறி மாட்டியது.

"அப்ப நேத்தே பாத்துருப்பாரே. ஒண்ணியும் கேக்கலியா?"

"எத்தனையோ தடவை போன் பண்ணினாரு. இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. என் மனசு நோகக் கூடாதுன்னு தெரியாத மாதிரியே இருக்காரு. அதுதாங்க்கா என்னைக் கொல்லுது."

"தங்கமான மனுசன்பா" என்றாள் ஸ்டெஃபி. தன் வீட்டுக்காரன் ஆன்டோவை நினைத்துப் பெருமூச்சு வேறு விட்டாள்.

"நானே சொல்லிடறேன்" என்று கனிமொழி போனை எடுத்தாள். தொட்டிக்கு அருகில் நிற்கவே கூசியது. ஹாலின் அந்தக் கோடியில், கிச்சன் வாசலில் போய் நின்றுகொண்டாள். அக்கம்பக்கத்தாரிடம் பழகுவது கிஷோருக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அதனால் பேசாதீர்கள் என்று ஸ்டெஃபியிடம் ஜாடை காட்டிவிட்டு அவனை அழைத்தாள்.

"ஏங்க... நம்ம பூ செத்துப்போச்சுங்க."

"என்ன சொல்ற? எப்போலேருந்து? சுருங்கிடுச்சா?"

"நேத்துலேருந்து."

"பழுப்பா ஏதாவது கக்குச்சா?"

"ஆமாங்க."

"அழுகின நாத்தம் வருதா? கல்லைப் பிடிச்சிருக்கா, இல்ல கழண்டு மிதக்குதா?"

"நாத்தமெல்லாம் இல்லைங்க. கல்லைக் கெட்டியாத்தான் பிடிச்சிருக்கு."

கிஷோர் சிரித்தான். "அட பைத்தியம். அது சாகல. அதுக்கு இருக்கிறது ஒரே வாய்தான். திங்கிறதும் அது வழியாத்தான், கழிவு வர்றதும் அது வழியாத்தான். வயித்தைக் காலி பண்ணும்போது சுருங்கி அலங்கோலமாக் கிடக்கும். அப்புறம் புதுத் தண்ணிய இழுத்துக்கிட்டுத் தானா விரியும். நீ இறாலை அள்ளி ஊட்டியிருப்ப."

கனிமொழி அங்கிருந்தே எட்டிப் பார்த்தாள். சாக்ஸ் சுருட்டல் லேசாக உப்பியிருந்தது. ஓரத்தில் பச்சை விரல்கள் சில நீண்டிருக்க, ஆரஞ்சு மீன் அவற்றின் நடுவே முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"விரியுதுங்க. நெசமாவே விரியுதுங்க" என்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சோபாவில் ஸ்டெஃபி சத்தம் காட்டாமல் சிலுவைக்குறி போட்டு மேலே பார்த்துக் கும்பிட்டாள்.

"உங்க நம்பிக்கையைக் கெடுத்துட்டேனோன்னு ராத்திரியெல்லாம் தூங்கலைங்க."

"நீ கெடுப்பியா கனி? உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?" கிஷோரின் குரல் குழைந்தது. அந்தக் குரலுக்காக இன்னும் பத்துப் பூவை வளர்க்கலாம் என்று கனிமொழிக்குத் தோன்றியது.

"சரி, கண்ணைத் தொடச்சுக்க" என்றான் அவன். "சோபாவுல உக்காந்து சிலுவை போடுதே, அந்தம்மாவை மொதல்ல வெளிய அனுப்பு."